சிறியதை நிறுத்திப் பெரியதை விடும் வலை

ஜூன், ஜூலை மாதங்களில் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் கரையோரமாக மத்தி மீன் கூட்டம் வந்து சேரும்போது, டர்பனுக்குத் தெற்கே உள்ள கடற்கரைகளில் இன்றும் கரைவலை இழுக்கிறார்கள். கரும்புத் தோட்டத்து ஒப்பந்தம் முடிந்தபின் கடலை நம்பிப் பிழைத்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் பலவற்றின் தொழில் அது. எங்கள் வீட்டில் அது தாத்தாவின் தலைமுறையோடு நின்றுவிட்டது. வலையைக் காயப்போட்டு, அறுந்த கண்களை அவர் முடிந்துகொண்டிருக்கும்போது நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஏறத்தாழ ஒரே பதில்தான் கிடைக்கும்: "கண்ணு எவ்வளவோ அதைவிடச் சின்னது போயிடும், பெருசு தங்கிடும். வலைக்கு வேற என்னடா தெரியும்?"

பல ஆண்டுகள் கழித்து, கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ் வகுப்பில், உடலின் செல்கள் சோடியத்தை நிறுத்திவிட்டுப் பொட்டாசியத்தை மட்டும் விடும் துளைகளை வைத்திருக்கின்றன என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி எழுந்து, "சார், சோடியம்தானே சின்னது? பெருசு போற ஓட்டையில சின்னது எப்படிப் போகாம இருக்கும்?" என்று கேட்டாள். செயற்கை அயனிக் கால்வாய்களை, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களான அயனிகளுக்குச் சவ்வில் வழிவிடும் துளைகளை, வடிவமைக்க 40 ஆண்டுகளுக்கும் மேலாக முயன்றுவரும் வேதியியலாளர்களின் வேலை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. வகுப்பில் அவளுக்கு அரைகுறையாகத்தான் விடை சொன்னேன். இந்தக் கட்டுரை அந்த விடையை முழுமையாகச் சொல்லும் முயற்சி.

சோடியம் அயனியின் ஆரம் சுமார் 0.95 ஆங்ஸ்ட்ராம், பொட்டாசியத்தின் ஆரம் சுமார் 1.33. இரண்டின் மின்னூட்டமும் ஒன்றே. வேறுபாடு அரை ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவு, அதாவது ஒரு மீட்டரை 1,000 கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கில் பாதிகூட இல்லை. ஆனால் உயிருள்ள செல்லுக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. நம் செல்களின் உள்ளே லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் பொட்டாசியமும், வெளியே 4 அல்லது 5 மில்லிமோல் மட்டுமே பொட்டாசியமும் இருக்கின்றன. சோடியத்தின் கணக்கு இதற்கு நேர் தலைகீழ். நரம்பின் துடிப்பும் இதயத்தின் தாளமும் இந்த ஏற்றத்தாழ்வில்தான் நடக்கின்றன. இறைப்பிகளான புரதங்கள் ஆற்றலைச் செலவழித்து இந்த ஏற்றத்தாழ்வை உண்டாக்கிவைக்க, கால்வாய்கள் தேவையான நேரத்தில் தேவையான அயனிக்கு மட்டும் வழிவிடுகின்றன.

செல்லின் உள்ளையும் வெளியையும் பிரித்து நிற்கும் செல்சவ்வு, கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று உண்டாக்கிய படலம். அதன் எண்ணெய்த்தன்மை கொண்ட நடுப்பகுதி சுமார் 3 நானோமீட்டர் தடிமன்தான் என்றாலும், அயனிக்கு அது மலை. காரணம், நீரில் உள்ள எந்த அயனியும் தனியாக இருப்பதில்லை. ஒவ்வொன்றையும் நீர் மூலக்கூறுகள், தம் ஆக்சிஜன் முனையை உள்நோக்கித் திருப்பிக்கொண்டு, போர்வைபோல் சுற்றி நிற்கின்றன. அந்தப் போர்வையைக் களைந்துவிட்டு எண்ணெய்க்குள் புக அயனி கொடுக்கவேண்டிய விலை, அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளின் சாதாரண அலைச்சல் தரக்கூடிய ஆற்றலைப்போலப் பல பத்து மடங்கு. எனவே அயனிகள் தாமாகச் சவ்வைக் கடப்பது நடைமுறையில் இல்லை என்றே சொல்லலாம்.

மாணவியின் கேள்விக்கான விடை இந்தப் போர்வையில்தான் தொடங்குகிறது. சோடியம் சிறியது, ஆகவே அதன் மின்னூட்டம் நெருக்கமாக இருக்கிறது, ஆகவே நீரை அது இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. சோடியத்தின் நீர்ப் போர்வையைக் கழற்ற, பொட்டாசியத்தைவிட ஒரு மோலுக்கு 70 கிலோஜூல் அளவுக்கு அதிகம் செலவாகும். வெறும் அயனியாகப் பார்த்தால் சிறியதாக இருப்பது, போர்வையோடு பார்த்தால் பெரிதாகவும், போர்வையை விடாத பிடிவாதமுள்ளதாகவும் ஆகிவிடுகிறது. தாத்தாவின் வலைக்குத் தெரிந்தது அளவு மட்டுமே. செல்லின் வலையோ போர்வையைக் கழற்றச் சொல்லி, அதற்கு ஈடாக என்ன தருகிறது என்பதைக்கொண்டு தேர்ந்தெடுக்கிறது.

எப்படி ஈடு தருகிறது என்பது 1998இல் கண்முன் தெரிந்தது. ராடெரிக் மெக்கினனின் குழு, ஸ்ட்ரெப்டோமைசிஸ் லிவிடன்ஸ் என்ற மண் நுண்ணுயிரியின் பொட்டாசியக் கால்வாயைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களால் அதன் அமைப்பை வரைந்தது. 2003இல் வேதியியல் நோபல் பரிசை, நீர்க் கால்வாயான அக்வாபோரினைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேயுடன் மெக்கினன் பகிர்ந்துகொண்டார். அந்தக் கால்வாயில் நான்கு புரத இழைகள் கூடி, நடுவே ஒரு குழாயை உண்டாக்குகின்றன. குழாயின் பெரும்பகுதி அகலமானது. அதன் ஒரு முனையில் மட்டும் 12 ஆங்ஸ்ட்ராம் நீளத்துக்கு ஒரு குறுகிய கழுத்து இருக்கிறது. திரியோனின், வாலின், கிளைசின், டைரோசின், கிளைசின் என்ற ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட வரிசை ஒவ்வொரு இழையிலிருந்தும் வந்து அந்தக் கழுத்தின் சுவராகிறது. சுவரிலிருந்து ஆக்சிஜன் அணுக்கள் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்க, அடுத்தடுத்து நான்கு இருக்கைகள் அமைகின்றன. ஒவ்வொரு இருக்கையிலும் எட்டு ஆக்சிஜன்கள், மேலே நான்கும் கீழே நான்குமாக, நீரில் பொட்டாசியத்தைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் நிற்கும் அதே தொலைவில் நிற்கின்றன. பொட்டாசியம் போர்வையைக் கழற்றி உள்ளே நுழைந்ததும், போர்வைக்குப் பதில் போர்வை கிடைத்துவிடுகிறது. நட்டம் ஏதுமில்லை. சோடியம் நுழைந்தாலோ, அந்த எட்டு ஆக்சிஜன்களும் அதற்குச் சற்று எட்டத்தில் இருக்கும். கழற்றியதற்கு ஈடு முழுதாகக் கிடைக்காது.

நீண்டகாலமாகப் பாடப்புத்தகங்கள் இதை ஒரு சட்டைக்கு அளவெடுப்பதைப்போல விளக்கிவந்தன: ஆக்சிஜன் கூண்டு விறைப்பாக நிற்கிறது, பொட்டாசியத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது, சோடியத்துக்குத் தொளதொளவென்று இருக்கிறது என்று. இந்த விளக்கம் பாதிதான் சரி என்பது என் கருத்து. புரதம் கல் அல்ல. உடல் வெப்பத்தில் அதன் அணுக்கள் ஒரு ஆங்ஸ்ட்ராம் அளவுக்குக்கூட அசைந்துகொண்டே இருக்கின்றன. அரை ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைந்த வேறுபாட்டை ஒரு ஆங்ஸ்ட்ராம் ஆடும் கூண்டு எப்படி அளக்கும்? பெனுவா ரூவின் குழு 2004இல் வெளியிட்ட கணக்கீடு இதற்கு வேறொரு விடை தந்தது. அந்த ஆக்சிஜன்கள் எல்லாம் எதிர் மின்னேற்றச் சாயல் கொண்டவை. சோடியத்தைத் தழுவ அவை உள்நோக்கி நெருங்கினால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அந்த உள்விலக்கமே பொட்டாசியத்துக்குச் சாதகமான தொலைவில் அவற்றை நிறுத்திவைக்கிறது. விறைப்பு இல்லாமலே தேர்வு நடக்க முடியும் என்ற இந்தச் செய்தி வடிவமைப்பாளர்களுக்கு மிகவும் ஆறுதலானது. ஏனென்றால் அணுக்களைப் பத்தில் ஒரு ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் பிடித்துவைக்க யாராலும் முடியாது. ஆனால் எத்தனை ஆக்சிஜன், எந்த வகை ஆக்சிஜன் என்பதைத் தேர்ந்தெடுப்பது கைக்கு எட்டும் காரியம்.

இன்னொரு பாடம் 2011இல் கிடைத்தது. சோடியம், பொட்டாசியம் இரண்டையும் பேதமின்றி விடும் ஒரு நுண்ணுயிரிக் கால்வாய் இருக்கிறது. அதன் கழுத்தில் நான்குக்குப் பதில் இரண்டே இருக்கைகள். அதை மரபணு மாற்றத்தால் மூன்று இருக்கைகளாக்கிப் பார்த்தார்கள், தேர்வுத்திறன் வரவில்லை. தொடர்ச்சியாக நான்கு இருக்கைகள் ஆனதும் பொட்டாசியத்தைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. ஆக, ஒரு நல்ல இருக்கை போதாது, வரிசை வேண்டும். அயனிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, பின்னால் வருவது முன்னால் நிற்பதைத் தள்ளும் வரிசை. அந்தத் தள்ளலால்தான், இருக்கைகள் பொட்டாசியத்தை இவ்வளவு அன்போடு வரவேற்றும், அது அங்கேயே தங்கிவிடாமல் வினாடிக்குப் பத்துக் கோடி என்ற வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. கால்வாயின் அமைப்பு தெரிவதற்கு வெகுகாலம் முன்பே, 1955இல், ஹாட்ஜ்கினும் கீன்ஸும் இந்த வரிசை நடையை ஊகித்திருந்தார்கள். இரும்புக் குண்டுகள் நிறைந்த இரண்டு அறைகளை ஒரு குறுகிய வழியால் இணைத்து, பெட்டியைக் குலுக்கி, குண்டுகள் வரிசையாகக் கடப்பதை எண்ணிப் பார்த்தார்கள். கணினி விளையாட்டுகளுக்குப் பழகிய என் மாணவர்களை அந்தக் குண்டுப் பெட்டிதான் அதிகம் கவர்ந்தது.

இங்கே எங்கள் ஊர்ச் செய்தி ஒன்று. டர்பனைச் சுற்றியுள்ள கடலோரப் புதர்க்காடுகளில் வாழும் பச்சை மாம்பாவின் நஞ்சில் டென்ட்ரோடாக்சின் என்ற சிறு புரதம் இருக்கிறது. நரம்பு முனைகளிலுள்ள ஒருவகைப் பொட்டாசியக் கால்வாயின் வாயில் அது வந்து அமர்ந்துகொள்கிறது. பொட்டாசியம் வெளியேற முடியாமல் போக, நரம்பு ஓய்வுக்குத் திரும்ப முடியாமல் மீண்டும் மீண்டும் துடிக்கிறது. ஒரே ஒரு வகைக் கதவை மூடுவதால் உடலுக்கு என்ன நேரும் என்பதை எங்கள் புதர்க்காட்டுப் பாம்பு எந்த ஆய்வுக்கூடத்தைவிடவும் தெளிவாகக் காட்டுகிறது.

கதவை மூடுவதற்கு நேர்மாறாக, தேர்வில்லாத துளையைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் மருத்துவமனைகளில் சான்று உண்டு. எச்.ஐ.வி. பாதிப்பு அதிகமுள்ள இந்நாட்டில், கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல் பல உயிர்களைப் பறித்திருக்கிறது. அதற்கான முதன்மை மருந்து ஆம்ஃபோடெரிசின் பி. இது மண் நுண்ணுயிரி ஒன்று தயாரிக்கும் வளைய மூலக்கூறு. கொலஸ்டரால் வகைக் கொழுப்பான ஸ்டீரால் உள்ள சவ்வுகளில் கூடி அயனித் துளைகளை உண்டாக்கக்கூடியது. பூஞ்சையைக் கொல்வதற்கு முக்கியக் காரணம் துளை அல்ல, அதன் சவ்விலிருந்து பூஞ்சைக்குரிய ஸ்டீராலான எர்கோஸ்டீராலை உறிஞ்சி எடுப்பதுதான் என்று இலினாய் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் பர்க் குழு பின்னர் காட்டியது. எப்படியானாலும், மனித செல்லின் கொலஸ்டராலையும் அது ஓரளவு பற்றுகிறது. சிறுநீரகக் குழல்களில் அதன் விளைவாகப் பொட்டாசியமும் மக்னீசியமும் கசிந்து வெளியேறுகின்றன. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறும் அபாயம் இருப்பதால், பழைய முறைச் சிகிச்சையில் நோயாளிக்குத் தொடர்ந்து பொட்டாசியம் ஏற்றிக்கொண்டே இருக்கவேண்டும். தென்னாப்பிரிக்கா உட்பட 5 ஆப்பிரிக்க நாடுகளில் நடந்து 2022இல் வெளியான ஆய்வு, கொழுப்புக் குமிழிகளில் பொதிந்த ஆம்ஃபோடெரிசினை ஒரே பெரிய தவணையாக, வேறு இரு மருந்துகளோடு கொடுத்தாலே போதும் என்று காட்டியது. நச்சு விளைவும் குறைந்தது. மருந்தின் குணத்தை மாற்றாமல் அதன் பொட்டலத்தை மாற்றியதால் கிடைத்த வெற்றி இது. துளைக்கே தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுப்பது வேறு வேலை.

அந்த வேலையின் தொடக்கம் 1982. ஜப்பானின் இவாவோ தபுஷியும் உடனுழைத்தவர்களும், சர்க்கரை அலகுகளால் ஆன சைக்ளோடெக்ஸ்ட்ரின் வளையத்தில் எண்ணெய்த்தன்மையுள்ள வால்களைப் பிணைத்து, சவ்வில் அயனிகளைக் கடத்தும் முதல் செயற்கைக் கால்வாயை உருவாக்கினார்கள். அதற்கு முன்பே, 1967இல், சார்லஸ் பெடர்சன் கிரவுன் ஈதர்கள் என்ற ஆக்சிஜன் வளையங்களைப் பற்றி எழுதியிருந்தார். பதினெட்டு அணுக்களில் ஆறு ஆக்சிஜன்களாக உள்ள வளையம் பொட்டாசியத்தை விரும்பிப் பற்றும். அப்படியானால் இந்த வளையங்களைச் சவ்வின் குறுக்கே அடுக்கினால் பொட்டாசியக் கால்வாய் கிடைத்துவிடும் அல்லவா என்று பலரும் எண்ணினார்கள். ஜார்ஜ் கோகலின் ஹைட்ராஃபைல்கள் இந்த வழியில் வந்தவை: நீண்ட கார்பன் சங்கிலிகளால் கோத்த மூன்று வளையங்கள், இரண்டு வளையங்கள் சவ்வின் இரு முகங்களில் நங்கூரமாக, ஒன்று நடுவே இளைப்பாறும் திண்ணையாக. அவை அயனிகளைக் கடத்தின. ஆனால் நுண்ணுயிரியின் கால்வாய் பொட்டாசியத்துக்கும் சோடியத்துக்கும் இடையே ஆயிரத்துக்கு ஒன்று என்ற விகிதத்துக்கும் மேல் பாகுபடுத்தும்போது, கிரவுன் வளையங்களைக்கொண்டு கட்டிய கால்வாய்கள் பத்துக்கு ஒன்று என்ற அளவை எட்டினாலே செய்தியாகிறது.

இந்த இடைவெளியை ஆற்றல் கணக்கில் பார்ப்பது நல்லது. பத்துக்கு ஒன்று என்ற தேர்வுக்கு மோலுக்கு 5.7 கிலோஜூல் வேறுபாடு போதும். ஆயிரத்துக்கு ஒன்று என்பதற்கு 17 கிலோஜூல். இடையே உள்ள தூரம் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமைக்கும் குறைவு. ஆனால் அந்தச் சிறு தொகையை ஒரே இடத்தில் இறுக்கமான பிடிப்பாகச் செலவழித்தால் அயனி அங்கேயே சிக்கிக்கொள்ளும். வாலினோமைசின் என்ற இயற்கை மூலக்கூறு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு: சோடியத்தைவிடப் பொட்டாசியத்தைப் பத்தாயிரம் மடங்கு விரும்பும். ஆனால் அது கால்வாய் அல்ல, படகு. ஒரு அயனியை முழுதாக மூடிப் பிடித்துக்கொண்டு அக்கரைக்குப் போய் இறக்கிவிட்டுத் திரும்பவேண்டும். அதனால் அதன் வேகம் கால்வாயின் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. படகின் தேர்வும் கால்வாயின் வேகமும் ஒன்றாக வேண்டும் என்பதே வடிவமைப்பாளரின் முழுக் கவலையும்.

இரண்டு முயற்சிகளை மட்டும் அருகில் நின்று பார்க்கலாம். 1988இல் வில்லியம் டிகிராடோவும் உடனுழைத்தவர்களும் லூசின், செரின் என்ற இரண்டே அமினோ அமிலங்களைக்கொண்டு 21 அலகு நீளமுள்ள சிறு புரதங்களைக் கட்டினார்கள். லூசின் எண்ணெயை விரும்புவது. செரின் நீரோடு ஒட்டுவது. ஏழு அலகுகள் கொண்ட ஒரு கோவை மூன்று முறை திரும்ப வரும். ஒவ்வொரு ஏழிலும் இரண்டு செரின் வைத்தபோது புரோட்டான் மட்டும் கடந்தது. ஒரு லூசினை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் செரினை வைத்து, ஏழுக்கு மூன்று ஆக்கியபோது, இழைகள் இன்னும் அகலமான கட்டாகக் கூடி, பல வகை நேர் அயனிகளும் கடந்தன. ஒரு எழுத்து மாறினால் சொல்லின் பொருளே மாறுவதைப்போல, மூன்று இடத்தில் செய்த ஒரே மாற்றம் கதவின் குணத்தை மாற்றியது. எளிமையில் இதற்கு இணையான சோதனை இந்தத் துறையில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது ரேசா கதிரி 1993, 1994 ஆண்டுகளில் வெளியிட்ட வளையங்கள். அமினோ அமிலங்களுக்கு இடக்கை, வலக்கை என இரு வடிவங்கள் உண்டு. உயிர்கள் புரதங்களைக் கட்ட ஒரு கையை மட்டுமே பயன்படுத்துகின்றன. கதிரி இரண்டு கைகளையும் மாற்றிமாற்றிக் கோத்து எட்டு அலகு வளையங்களைச் செய்தார். அப்போது வளையம் தட்டையாகி, பக்கக்கிளைகள் எல்லாம் வெளியே நீட்டிக்கொள்ள, வளையங்கள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாமாகவே அடுக்கிக்கொண்டு குழாயாகின. சவ்வில் இட்டபோது வினாடிக்கு ஒரு கோடிக்கும் மேல் அயனிகள் கடந்தன. இடக்கை வலக்கை மாற்றிக் கோக்கும் உத்தி இயற்கையிலும் உண்டு: 1939இல் ரெனே துபோ மண் நுண்ணுயிரியிலிருந்து பிரித்த மருந்தில் இருந்த கிராமிசிடின், பதினைந்து அலகு கொண்ட அத்தகைய இழைதான், இரண்டு இழைகள் சவ்வின் நடுவே முனையோடு முனை சேர்ந்தால் கால்வாய் திறக்கும், பிரிந்தால் மூடும். ஆனால் கிராமிசிடினும் சரி, கதிரியின் குழாயும் சரி, சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் இடையே பெரிதாகப் பாகுபாடு காட்டுவதில்லை. துளையின் அகலத்தைத் திட்டமிடுவதில் 1990களிலேயே வெற்றி கிடைத்துவிட்டது. துளையின் உட்சுவரைத் திட்டமிடுவதில்தான் தடை. தட்டையான வளையத்தின் ஆக்சிஜன்கள் குழாயின் நீளவாக்கில் பார்க்கின்றன, உள்நோக்கி அல்ல. அயனிக்கு ஈடு தரவேண்டியவை முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கின்றன என்பதே காரணம்.

ஒரு கால்வாய் உண்மையிலேயே கால்வாய்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இத்துறையின் மிகைக் கூற்றுகளெல்லாம் இங்கேதான் பிறக்கின்றன. நான் ஒரு ஆய்வுக்கூடத்தில் பார்த்த முறை இது. இரண்டு சிறு உப்புநீர்க் கிண்ணங்களுக்கு இடையே ஒரு நெகிழித் தகடு; அதில் கடுகைவிடவும் மிகச் சிறிய ஒரு துளை. கரைப்பானில் கரைத்த கொழுப்பை மெல்லிய தூரிகையால் அந்தத் துளையின் மேல் தடவுகிறார்கள். முதலில் எண்ணெய்ப் படலத்தின் வானவில் நிறங்கள் தெரிகின்றன. படலம் மெலிய மெலிய நிறங்கள் மறைந்து, கடைசியில் கருமையாகிறது. இரண்டே மூலக்கூறு தடிமனுக்கு வந்துவிட்டது என்பதற்கு அந்தக் கருமைதான் அடையாளம். இரு பக்கமும் மின்முனை வைத்து, மின்னழுத்தம் கொடுத்து, வடிவமைத்த மூலக்கூற்றைச் சேர்த்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். திரையில் கோடு நேராக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு படி ஏறும், சில மில்லிவினாடிகள் நிற்கும், மறுபடி இறங்கும். ஒரே ஒரு கால்வாய் திறந்து மூடியதன் தடயம் அது. அந்தப் படியின் உயரம் ஒரு பிக்கோஆம்பியர் என்றால், ஒற்றை மின்னூட்ட அயனிகள் வினாடிக்கு 62 லட்சம் கடந்திருக்கின்றன என்று பொருள். முதன்முறை அந்தப் படியைப் பார்த்தபோது, ஒரு தனி மூலக்கூறு தன் வேலையைச் செய்வதைக் கண்ணால் காண்கிறேன் என்ற எண்ணத்தில் மூச்சே நின்றுவிட்டது.

இதைவிட எளிதான முறை ஒன்று உண்டு: கொழுப்புக் குமிழிகளுக்குள் ஒளிரும் சாயத்தை அடைத்து, அயனி கடந்தால் சாயத்தின் ஒளிர்வு மாறுவதைப் பார்ப்பது. எளிது என்பதால் பெரும்பாலான ஆய்வேடுகள் இதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் சவ்வைச் சோப்புபோலக் கிழிக்கும் மூலக்கூறும், படகுபோலச் சுமந்து செல்லும் மூலக்கூறும் இதே மாற்றத்தைக் காட்டும். படகையும் கால்வாயையும் பிரிக்க ஒரு நல்ல வழி, 41 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும் கொழுப்பால் சவ்வைச் செய்து பார்ப்பது: உறைந்த சவ்வில் படகு நகராது, கால்வாய் ஓடிக்கொண்டிருக்கும். தனிக் கால்வாயின் மின்படியையும் பல அயனிகளுக்கான ஒப்பீட்டையும் காட்டாத ஒரு ஆய்வேடு "தேர்வுத்திறன்" என்ற சொல்லைப் பயன்படுத்தினால் அதை நான் நம்புவதில்லை.

கணினி வடிவமைப்பு வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. 2020இல் டேவிட் பேக்கரின் குழு, இயற்கையில் இல்லாத புரதத் துளைகளை அடிப்படையிலிருந்து வடிவமைத்து வெளியிட்டது. பன்னிரண்டு சுருள்களால் ஆன துளை சோடியத்தைவிடப் பொட்டாசியத்தை மிகவும் விரும்பிக் கடத்தியது. பதினாறு சுருள்களால் ஆனது ஒளிரும் சாய மூலக்கூறுகளையே விட்டது. பேக்கருக்கு 2024இன் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. புரதம் பெரிய மூலக்கூறு. மருந்தாகக் கொடுப்பதும் தொழிற்சாலைச் சவ்வில் பதிப்பதும் எளிதல்ல. ஆனாலும் உட்சுவரைத் திட்டமிட முடியும் என்பது இதனால் உறுதியாகிவிட்டது.

தேர்வுத்திறனே எல்லாம் என்று இதுவரை சொல்லிவந்ததை இங்கே ஒரு சான்று திருத்துகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில், மூச்சுக்குழல் செல்களின் மேல்பக்கத்தில் குளோரைடையும் பைகார்பனேட்டையும் விடும் புரதம் பழுதாகிவிடுகிறது; சளி கெட்டியாகிக் கிருமிகள் தங்குகின்றன. அதற்கான மரபணு 1989இல் கண்டறியப்பட்டது. இன்று கிடைக்கும் சிறந்த மருந்துகள் பழுதான புரதத்தை நிமிர்த்தி வேலை செய்யவைப்பவை. புரதமே உருவாகாதவர்களுக்கு அவை பயன்படா. தென்னாப்பிரிக்கக் கறுப்பின நோயாளிகளிடையே மிகுதியாகக் காணப்படும் மரபணு மாற்றம், புரதத்துக்கான செய்தியைக் கோக்கும் இடத்திலேயே பிழை செய்வது. 2019இல் பர்க்கின் குழு, அதே ஆம்ஃபோடெரிசினை மிகச் சிறிய அளவில், நோயாளிகளின் மூச்சுக்குழல் செல் வளர்ப்புகளிலும் இந்நோயுள்ள பன்றிகளிலும் இட்டுப் பார்த்தது. பைகார்பனேட் மீண்டும் வெளிவந்தது. சளிப் படலத்தின் அமிலத்தன்மை குறைந்தது. தேர்வில்லாத துளை எப்படித் தேர்வுள்ள கதவின் வேலையைச் செய்தது? செல்லின் அடிப்பக்கத்து இறைப்பிகளும் கடத்திகளும் பைகார்பனேட்டை மேல்நோக்கி ஏற்கெனவே தள்ளிக்கொண்டிருந்தன. மேலே வாசல்தான் இல்லை. வாசல் திறந்ததும், எது எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை அந்த அழுத்தமே தீர்மானித்தது. ஆகவே ஒரு செயற்கைக் கால்வாய்க்கு எவ்வளவு தேர்வுத்திறன் வேண்டும் என்பது கால்வாயைப் பொறுத்தது மட்டுமல்ல, அது அமரப்போகும் சவ்வின் மற்ற வேலையாட்களையும் பொறுத்தது. சிறுநீரகத்தில் தீங்கு செய்த அதே துளை மூச்சுக்குழலில் உதவிக்கு வருவது இதனால்தான்.

குடிநீர் விஷயத்தில் அத்தகைய வேலையாட்கள் இல்லை. அங்கே எல்லாப் பொறுப்பும் சவ்வின்மேல்தான். 2018இல் கேப் டவுன் குழாய்கள் வறளும் நாளை எண்ணிக்கொண்டிருந்தபோது, கடல்நீரைக் குடிநீராக்கும் பேச்சு எங்கள் வீடுகளிலும் நடந்தது. எம்புமலாங்கா மாநிலத்துச் சுரங்கப் பகுதியான எமலாலேனியில் 2007 முதல் நிலக்கரிச் சுரங்க நீரையே எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில், வீட்டில் ஆர்.ஓ. என்று சொல்கிறோமே அந்த முறையில், குடிநீராக்கி வருகிறார்கள். இந்த முறைக்கு ஏற்ற முதல் நல்ல சவ்வை 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியாவில் உருவாக்கிய இருவர் சிட்னி லோயபும் ஸ்ரீனிவாச சௌரிராஜனும். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரைக் கொண்ட ஒருவர் இந்த வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் நான் பாடத்தை முடிப்பதில்லை.

இன்றைய சவ்வுகளில் செயற்கை நீர்க் கால்வாய்களைப் பதித்தால் நீர் பன்மடங்கு வேகமாகக் கடக்கும், மின்செலவு சரிந்துவிடும் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. இதை நான் ஏற்கவில்லை. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் பாதியை நன்னீராக எடுக்க, எந்த முறையானாலும், கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.06 கிலோவாட் மணி ஆற்றல் வேண்டும். அது இயற்பியல் விதித்த எல்லை. நல்ல ஆலைகளில் மொத்தச் செலவு 3 முதல் 4. அதிலும் சவ்வு நிலையில் மட்டும் செலவாவது எல்லையைப்போல இரண்டு மடங்கு அளவே. எஞ்சிய நீர் உப்பேறிக்கொண்டே போவதால் அதன் சவ்வூடு அழுத்தத்தை மீறி அழுத்தித்தான் ஆகவேண்டும். கால்வாய் எவ்வளவு விரைவாக இருந்தாலும் அந்த அழுத்தம் குறையாது. வேகம் கூடினால் சவ்வின் பரப்பைக் குறைக்கலாம், அவ்வளவே.

உண்மையான பயன் தேர்வில் இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு 4.5 மில்லிகிராம் அளவு போரான், பெரும்பாலும் மின்னூட்டமற்ற போரிக் அமிலமாக இருக்கிறது. மின்னூட்டம் இல்லாததால் அதற்கு இறுக்கமான போர்வை இல்லை. நீரோடு நீராக இன்றைய சவ்வுக்குள் நழுவிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வரம்பு 2.4 மில்லிகிராம், ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களுக்கோ அதைவிடக் குறைந்த அளவே தீங்கு செய்யும். அதற்காகவே பல ஆலைகளில் நன்னீரை இரண்டாம் முறை வடிகட்டுகிறார்கள். மொன்பெலியே நகரின் மிஹாய் பார்போயு குழு, இமிடசோல் வளையங்கள் நான்கு நான்காகக் கூடி 2.6 ஆங்ஸ்ட்ராம் அகலத்தில் உண்டாக்கும் நீர்க் கால்வாய்களை வழக்கமான பாலிஅமைடு படலத்துக்குள் வளர்த்து, கடல்நீரை நன்னீராக்கும் அளவுக்கு வலுவான சவ்வை 2021இல் காட்டியது. அந்தக் கால்வாய்க்குள் நீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில்தான் நடக்கமுடியும். போர்வை போர்த்திய அயனிக்கு இடமில்லை. அளவும் போர்வையும் சேர்ந்து வேலை செய்யும் வலை இது.

ஒழுங்காக அடுக்கிய கால்வாய்களை விட்டுவிட்டு, பாலிஅமைடுக்குள் சிதறலாக அவற்றை வளர்க்கும் வழியை அந்தக் குழு தேர்ந்தெடுத்ததற்குத் தக்க காரணம் உண்டு. கால்வாய்களுக்கு இடையே 10 நானோமீட்டர் அகலத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தாலும், குழாய்வழி ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்ற பழைய விதிப்படி தோராயமாகக் கணக்கிட்டால், அதன் வழியே 0.3 நானோமீட்டர் கால்வாயைப்போல 10 லட்சம் மடங்கு உப்புநீர் பாயும். லட்சக்கணக்கான கால்வாய்கள் செய்த தேர்வு அந்த ஒரு ஓட்டையில் வீணாகிவிடும். தாத்தாவுக்கு ஏன் மீன் பிடித்த நேரத்தைவிட அறுந்த கண்ணை முடிந்த நேரம் அதிகம் என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. நான் பார்த்த ஆய்வுக்கூடத்தின் கருத்த படலம் ஒரு கடுகின் முகத்தையும் மூடாது. கடல்நீர் ஆலையில் சுருட்டிவைக்கும் ஒரே ஒரு சவ்வுச் சுருளை விரித்தால் ஏறத்தாழ 37 சதுர மீட்டர் வரும், ஓர் ஆலைக்கு அப்படி ஆயிரக்கணக்கான சுருள்கள் வேண்டும்.